மாத்திரையைச் சாட்சியில் சொல்வதில்லை

ஆமா தாயி, நான்தான். பஸ் ஏறினதுல இருந்து திரும்பித் திரும்பிப் பார்த்துட்டே வர்றியே, அப்பவே தெரிஞ்சுபோச்சு. கடைக்குப் போனாலும் இப்படித்தான், ரேஷன் வரிசையில நின்னாலும் இப்படித்தான். செல்போன்ல வர்ற பொடி அம்மா. இப்ப அந்தப் பேர்லதான் என்னை ஊருக்கே தெரியுது. என் பேரு ஞானக்கனி. அதை யாரும் கேக்கறதில்ல. நீன்னு பேசறேன், கோவிச்சுக்காத, என் மக வயசுதான் இருப்ப.

உங்க அம்மாவுக்கு என்னை ரொம்பப் பிடிக்குமாக்கும். தினமும் காலையில அந்த வீடியோவைப் போட்டு வச்சுக்கிட்டுத்தான் பொடியைக் கரைக்கிறாங்களா. சரி. சரி தாயி.

ஜன்னல் பக்கம் நீயே உட்காரு. எனக்குக் காத்து ஆகாது. பை மடியிலயே இருக்கட்டும், மேல வச்சா நசுங்கிடும். முந்திரிக்கொத்துப் பலகாரம் இருக்கு. யாருக்குன்னு அப்புறம் சொல்றேன்.

தூத்துக்குடிக்குத்தான் போறேன். ஆஸ்பத்திரிக்கு இல்ல, நுகர்வோர் ஆணையத்துக்கு. கோர்ட்டு மாதிரிதான், ஆனா கூண்டு கிடையாதுன்னு சுடலைமுத்து சார் சொன்னார். நம்மள மாதிரி பொருள் வாங்கி ஏமாந்தவங்களுக்குன்னு இருக்கிற இடமாம். எங்க வீட்டுல இதுவரைக்கும் ஒருத்தரும் கோர்ட்டுப் படி ஏறினதில்ல. எங்க வீட்டுக்காரர் இருந்தப்ப, பக்கத்து நிலத்துக்காரன் வரப்பை வெட்டினப்பகூட, மண்ணுதானேன்னு விட்டுட்டு வந்தவர். அவர் இருந்தா என்னை இன்னைக்கு விட்டிருப்பாரோ என்னவோ.

நான் யார் மேலயும் கேஸ் போடல தாயி. அதை முதல்லயே சொல்லிடறேன். போட்டது சுடலைமுத்து சாரோட நுகர்வோர் சங்கம். நான் போய் ஒரு கையெழுத்துப் போடணும், கேட்டா வாயால சொல்லணும். சொல்ல வேண்டியது ஒரே ஒரு விஷயம்தான். சின்ன விஷயம். வீட்டுல இருந்து கிளம்பினதுல இருந்து மனசுக்குள்ள சொல்லிப் பார்க்கறேன். வாய்க்கு வரமாட்டேங்குது.

முதல்ல இருந்து சொன்னாத்தான் உனக்குப் புரியும்.

எனக்குச் சர்க்கரை உண்டு. போன மழைக்காலத்துல ரொம்ப ஏறிப்போச்சு. சபையில பாடற ஞானப்பாட்டுப் புஸ்தகத்தை விரிச்சா எழுத்து எறும்பு மாதிரி ஊருது. டாக்டரம்மா திட்டிட்டு மாத்திரையை மாத்திக் கொடுத்தாங்க. ராத்திரிக்கும் ஒண்ணு கூட்டினாங்க. நான் சோத்தைக் குறைச்சேன். சாயங்காலம் கோயிலைச் சுத்தி நடந்தேன். எங்க பெண்கள் சங்கத்துல எனக்காக உபவாசம் இருந்து ஜெபிச்சாங்க. அந்தச் சமயத்துலதான் ஆசீர் தம்பி வந்தது.

ஆசீர் பொடிக் கம்பெனிப் பையன். சுகத்தளிர்னு நீ டப்பாவுல பார்த்திருப்பியே, அந்தக் கம்பெனி. எங்க கோயில் அசனத்துக்கு வந்து வாசல்ல மேசை போட்டு நின்னுது. அசனம்னா ஊரே ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடறது, வருஷத்துக்கு ஒரு தடவை. சோறு வாங்கப் போறவங்களுக்கெல்லாம் குட்டி டம்ளர்ல பொடி கரைச்சுக் கொடுத்துது. என்ன பணிவு. வாய்க்கு வாய் அம்மா, அம்மா. என் பையன் சென்னையில இருக்கான், பேசினா ம், சரி, வைக்கிறேன், அவ்வளவுதான். இந்தப் பிள்ளை எனக்குப் பந்தியில இடம் பிடிச்சுக் கொடுத்துது. அடுத்த வாரம் வீட்டுக்கே வந்து ஒரு டப்பா வச்சுட்டுப் போச்சு. காசு வேண்டாம்மா, நீங்க குடிச்சா எனக்கு எங்கம்மா குடிச்ச மாதிரின்னுது. அதுக்கு அம்மா இல்ல, சின்ன வயசுலயே போயிட்டாங்களாம். அப்படித்தான் சொல்லுச்சு.

குடிச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு. கேழ்வரகு, முருங்கைக்கீரை வாசம் வரும். குடிச்சதுல ஒரு கெடுதலும் இல்ல. அதையும் ஆணையத்துல கேட்டா சொல்லத்தான் போறேன். இல்லாததைச் சொல்லக் கூடாதுல்ல.

மூணாம் மாசம் சர்க்கரை இறங்கிப்போச்சு. டாக்டரம்மாவே ஆச்சரியப்பட்டாங்க. சங்கத்துல சாட்சி சொல்லுன்னாங்க.

நீ நெத்தியில பொட்டு வச்சிருக்க, உனக்கு எங்க சாட்சி தெரியாது. தேவன் நமக்கு ஒரு நன்மை செஞ்சா, அதைச் சபைக்கு முன்னால எந்திரிச்சு நின்னு சொல்லணும். கேக்கறவங்களுக்கு விசுவாசம் வளரும். சின்னப் பிள்ளையில இருந்து கேட்டு வளர்ந்தது. அதுக்குன்னு ஒரு முறை இருக்கு. யாரும் எழுதி வைக்கல, ஆனா எல்லாருக்கும் தெரியும். கொஞ்சம் பரவாயில்லைன்னு சாட்சி சொல்ல மாட்டாங்க. பூரண சுகம்னுதான் சொல்வாங்க. பாதி சுகம்னா தேவன் பாதிதான் செஞ்சார்னு ஆகிடும்ல. அப்புறம், மாத்திரையைச் சாட்சியில சொல்றதில்ல. ஆபரேஷன் பண்ணினவங்ககூட டாக்டர் கைவிட்டார், கர்த்தர் கைவிடலைன்னுதான் சொல்வாங்க. தையல் பிரிச்ச அன்னைக்கே வந்து சொல்வாங்க. நாங்க அல்லேலூயா சொல்லிட்டு, அப்புறம் காப்பி குடிக்கும்போது, தையல் காஞ்சிருச்சா அக்கான்னு கேட்டுக்கிடுவோம்.

எனக்கும் அதே மாதிரிதான் வந்துச்சு. சர்க்கரை முந்நூறுக்கு மேல இருந்துச்சு, கண்ணு தெரியல, கர்த்தர் எனக்குப் பூரண சுகம் கொடுத்தார், இன்னைக்கு நான் சின்னப் பிள்ளை மாதிரி ஓடியாடி வேலை செய்யறேன். இதுதான் நான் சொன்னது. ஒரு சொல்லு கூட்டல.

ஆசீர் தம்பி அன்னைக்குச் சங்கத்துக்கு டீயும் வடையும் கம்பெனிச் செலவுல கொடுத்திருந்துச்சு. பின்னால நின்னு செல்போனை ஒரு குச்சியில மாட்டி எடுத்துக்கிட்டே இருந்துச்சு. இது ஊழியம் அம்மா, வர முடியாத நோயாளிங்க வீட்டுல இருந்தே கேப்பாங்கன்னுது. நோயாளிங்க கேக்கட்டுமேன்னுதான் நானும் நினைச்சேன். கூட்டம் முடிஞ்சதும் என்னை முருங்கை மரத்தடிக்குக் கூட்டிட்டுப் போய், அம்மா காலையில எந்திரிச்சதும் என்ன குடிக்கிறீங்கன்னு கேட்டுது. நீ கொடுத்த சுகத்தளிர்தான் தம்பி, வெறும் வயித்துல ஒரு டம்ளர்னேன். அதுவும் உண்மைதான். எப்படி இருக்கும்மான்னுது. நல்லாத்தான் இருக்குன்னேன். அதுவும் உண்மைதான்.

ரெண்டு உண்மையையும் அந்தப் பிள்ளை ஒட்டிட்டுது.

மருமக சென்னையில இருந்து போன் பண்ணினா. அத்தை, நீங்க செல்போன்ல வர்றீங்க, லட்சம் பேர் பார்த்திருக்காங்கன்னா. அவளே குடும்பத்து ஆளுங்க எல்லாருக்கும் அனுப்பிட்டா. நானும் பார்த்தேன். வெறும் வயித்துல ஒரு டம்ளர்னு சொல்றேன். உடனே சர்க்கரை முந்நூறுக்கு மேல இருந்துச்சுன்றேன். உடனே பூரண சுகம்னு சொல்லிச் சிரிக்கறேன். கர்த்தர் இல்ல. அந்த ஒரு சொல்லை மட்டும் கோதி எடுத்திருந்தாங்க, மீனுக்கு முள் எடுக்கிற மாதிரி.

எனக்குப் பொறுக்கல. அன்னைக்கே ஆசீருக்குப் போன் போட்டேன்.

"தம்பி, இதுல கர்த்தரைக் காணோமே."

"அம்மா, எல்லா மதத்துக்காரங்களும் பாக்கிறதுல்லா. கர்த்தர்னு வந்தா பாதிப் பேரு தள்ளி விட்டுருவாங்க. முதல்ல பொடியைக் குடிக்கட்டும். குடிச்சு நல்லா ஆன பிறகு உங்களைத் தேடி வந்து கேப்பாங்கள்ல, அப்ப நீங்க கர்த்தரைச் சொல்லுங்க."

எவ்வளவு யோசிச்சு வச்சிருக்குன்னு நினைச்சேன். சரி தம்பின்னு வச்சுட்டேன். இப்ப நினைச்சுப் பாரு தாயி. கர்த்தரைக் காணோம்னு கண்டுபிடிச்சேன். மாத்திரையைக் காணோம்னு எனக்குத் தோணவே இல்ல. நான் வச்சிருந்தாத்தானே காணோம்னு தேடறதுக்கு.

இன்னொண்ணும் சொல்லணும். அந்த வீடியோவுல என் கால்மாட்டுல சிவப்பு எழுத்து ஓடும், பார்த்திருப்ப. மாத்திரையே இல்லாமல்னு. அதை நான் சொல்லல. சத்தியமா என் வாயில வரல. ஆனா அதை நான் படிக்கவும் இல்ல. ஏன் தெரியுமா. நான் என் முகத்தைத்தான் பார்த்துட்டு இருந்தேன். கிறிஸ்துமஸுக்கு மக எடுத்துக் கொடுத்த சேலை, படத்துல அவ்வளவு எடுப்பா இருந்துச்சு. அதைப் பார்க்கவே எனக்கு நேரம் சரியா இருந்துச்சு.

ஏரல் வந்துடுச்சா. இன்னும் இருக்கு.

கம்பெனி எனக்குக் காசு கொடுக்கல. சுடலைமுத்து சாரும் முதல்ல அதைத்தான் கேட்டார். ஒரு பொன்னாடை போட்டாங்க, சுவர்க்கடிகாரம் ஒண்ணு கொடுத்தாங்க. கடிகாரத்துல சுகத்தளிர்னு போட்டிருக்கும். வசன காலண்டருக்குக் கீழ மாட்டினேன். இப்ப அதைப் பார்க்கும்போதெல்லாம் சுருக்குங்குது, ஆனா கழட்டினா மணி பார்க்க வேற இல்ல. மாசாமாசம் டப்பா வரும். தெருவுல கேட்டவங்களுக்கெல்லாம் நானே எடுத்துக் கொடுத்தேன். கை நிறைய கொடுக்கிறது எனக்கு ஒரு சந்தோஷம். ரூபி அக்காவுக்கும் அப்படித்தான் கொடுத்தேன்.

ரூபி அக்கா எனக்கு அடுத்த தெரு, முழுப் பேரு ரூபவதி. சொந்தம் இல்ல, ஆனா எங்க வீட்டுக்காரர் செத்தப்ப மூணு நாள் என் அடுப்பை அவங்கதான் எரிச்சாங்க. தையல் மிஷின் வச்சிருக்காங்க. வாய் கொஞ்சம் நீளம். எனக்கு முன்னாலயே சர்க்கரைக்காரி. டப்பாவைக் கையில கொடுத்தப்ப, "என்னட்டி, ஓசியிலயா? ஓசிப் பொடிக்கு என் ஒடம்பு கேக்காதே"ன்னாங்க. சிரிச்சோம். அவங்க வீட்டுல அன்னைக்கு எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாங்க. சீனி இல்லாத காப்பி. ரெண்டு பேரும் குடிச்சோம்.

அந்தக் காப்பியைத்தான் என்னால மறக்க முடியல.

ஈஸ்டருக்கு முன்னால அவங்க காலுல ஒரு சின்னக் கொப்புளம். செருப்புக் கடின்னாங்க. அப்புறம் வாடை வந்துச்சு. பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோய் ரெண்டு விரலை எடுத்துட்டாங்க. அவங்க மகதான் அழுதுக்கிட்டே சொன்னா, சித்தி, அம்மா நாலு மாசமா மாத்திரையே சாப்பிடல, மொத்தமும் அரிசிப் பானைக்குள்ள கிடக்குன்னு. அவங்க சீட்டைக் கொடுத்து விட, மருந்துக் கடையில நான் வாங்கிட்டு வந்து கொடுத்த மாத்திரை தாயி அது.

ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்க எனக்கு முகம் இல்ல. ஜெபிக்கிறேன், ஜெபிக்கிறேன்னு வீட்டுலயே முழங்கால்ல நின்னேன். அப்பதான் சுடலைமுத்து சார் வந்தார்.

அவர் மின்வாரியத்துல இருந்து ரிட்டயர் ஆனவர். வாசல்ல நின்னு, வீடியோவுல வர்ற அம்மா நீங்கதானேன்னார். பொடி வேணும்னு வந்திருக்கார்னு நினைச்சுட்டேன். உட்காரச் சொல்லி ஒரு டம்ளர் கரைச்சும் கொடுத்துட்டேன். முழுசாக் குடிச்சார். வாயைத் துடைச்சுட்டுச் சொல்றார்:

"நல்லாத்தான் இருக்கு, கேழ்வரகுக் கஞ்சி. இதைக் கஞ்சின்னு வித்திருந்தா நான் உங்க வீட்டுக்கு வந்திருக்க மாட்டேன்."

பையில இருந்து டப்பாவை எடுத்தார். சுத்தி வர இருக்கிற பெரிய எழுத்தெல்லாம் தமிழு. அடியில டப்பா ஒட்டுற மூட்டு மேல ஒரு பொடி எழுத்து, இங்கிலீஷ்ல. அதை அவர் பூதக்கண்ணாடி வச்சுப் படிச்சுச் சொன்னார். இது எந்த நோயையும் குணப்படுத்துற மருந்து இல்லைன்னு போட்டிருக்காம். கம்பெனிக்காரனே போட்டிருக்கான். நான் மூணு மாசம் அந்த டப்பாவைக் கழுவி, துடைச்சு, உளுந்து போட்டு வச்சிருக்கேன். எனக்குத் தெரியல.

"ரூபவதி அம்மா மக எங்க சங்கத்துல புகார் கொடுத்திருக்கா. கம்பெனிக்கு நோட்டீஸ் விட்டோம். என்ன பதில் போட்டிருக்கான் தெரியுமா? அந்த அம்மா தானா முன்வந்து, காசு வாங்காம, சபையில சொன்ன சொந்த அனுபவம் அது. அவங்க சொன்னதை வச்சுத்தான் அந்தச் சிவப்பு எழுத்துப் போட்டோம். பொய்யா இருந்தா அது அந்த அம்மாவோட பொய்."

"நான் பொய் சொல்லல சார்."

"தெரியும்மா. நீங்க மாத்திரை சாப்பிட்டீங்களா அப்ப?"

நான் காலி டம்ளரை எடுத்துட்டு எந்திரிச்சேன்.

"அதைத்தான் வந்து சொல்லச் சொல்றேன். உங்க முகத்தை முன்னால நிறுத்திட்டு அவன் பின்னால ஒளிஞ்சுக்கிட்டான். நீங்க ஒரு அடி நகந்தா போதும், அவன் தெரிவான்."

அவருக்குச் சாமி நம்பிக்கை கிடையாதாம். நான் ஜெபம் பண்ணி அனுப்பட்டுமான்னு கேட்டேன். பண்ணுங்க, கரண்ட் பில்லு இல்லையேன்னார். கண்ணை மூடாம, கூரையைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தார். நல்ல மனுஷர்தான்.

நான் ஒத்துக்கல தாயி. அன்னைக்கு ஒத்துக்கல. எங்க கோயில் பாஸ்டரம்மாகிட்ட போய்க் கேட்டேன். அவங்க முகம் வாடிப்போச்சு.

"அக்கா, சபையில சொன்ன சாட்சியைக் கோர்ட்டுல போய்த் திருத்துவாங்களா? நாளைக்கு யாரு நம்ம சாட்சியை நம்புவா? நீங்க கர்த்தருக்குக் கொடுத்த மகிமையைத் திரும்பக் கேக்கிற மாதிரில்லா இருக்கு."

அது சரின்னு பட்டுச்சு. பையனைக் கேட்டேன். அம்மா, நீ போனா உன்னையும் கேஸ்ல இழுப்பாங்க, பேசாம இருன்னான். ம், சரி, வைக்கிறேன். அதுவும் சரின்னு பட்டுச்சு. யார் சொன்னாலும் எனக்குச் சரின்னுதான் படுது, அது என் குணம்.

ஆசீரும் போன் பண்ணுச்சு. அம்மா, நீங்க அங்க வந்தா என் வேலை போயிரும்மா, கம்பெனியில என்னைத்தான் கேக்கிறாங்க. என் கல்யாணத்துக்குப் பேசிட்டு இருக்காங்க. ஜெபம் பண்ணிக்கிடுங்கம்மான்னு அழுதுது. பெத்த பிள்ளை அழற மாதிரி இருந்துச்சு. அன்னையில இருந்து காலை ஜெபத்துல அதோட பேரையும் சேர்த்துக்கிட்டேன். ரூபி அக்காவைப் பத்தி அது ஒரு வார்த்தை கேக்கல. பதட்டத்துல மறந்திருக்கும், பாவம்.

இந்த முந்திரிக்கொத்து அதுக்குத்தான். கம்பெனி பக்கத்துல இருந்து அதையும் வரச் சொல்லியிருக்காங்களாம். போன தடவை வந்தப்ப ஆசையா ஒம்போது தின்னுது. நான் அந்தப் பிள்ளைக்கு எதிரா கையெழுத்துப் போடப் போறேன், வெறுங்கையோட போய் எப்படிப் போடறது.

சரி, அக்காவைப் பார்த்த கதையைச் சொல்லலையே.

மனசு கேக்காம ஒரு நாள் பாளையங்கோட்டைக்குப் போயிட்டேன். கட்டில்ல உட்கார்ந்து பக்கத்துக் கட்டில்காரிக்கு ஜாக்கெட் அளவு சொல்லிக்கிட்டு இருக்காங்க. என்னைப் பார்த்ததும், "வாட்டி சினிமாக்காரி. என் ரெண்டு விரலு எனக்கு முந்தியே பரலோகம் போயிருச்சு. அங்க போய் இடம் பிடிச்சு வைக்கும்"ன்னாங்க. எனக்கு அழுகை வந்துடுச்சு. சும்மா இருட்டின்னு முந்தானையை எடுத்து என் கையில கொடுத்தாங்க, அவங்க முந்தானையை.

மிச்சப் பொடியை என்ன பண்ணினன்னு கேட்டாங்க. கீழ கொட்ட மனசு வரல, தீனிதானே, கோழிக்குப் போட்டேன், நல்லா முட்டை போடுதுன்னேன். "யார்கிட்டயும் சொல்லிராத. கோழியையும் வீடியோ எடுக்க வந்துருவான்." சிரிச்சாங்க. நானும் சிரிச்சுட்டேன். ஆஸ்பத்திரியில அப்படிச் சிரிச்சதுக்கே எனக்கு வெக்கமாப் போச்சு.

அப்புறம் சத்தத்தைத் தாழ்த்திக் கேட்டாங்க.

"ஏ கனி. ஒண்ணு கேக்கேன், மறைக்காம சொல்லு. நீ மாத்திரை தின்னுக்கிட்டுத்தானே இருந்தே?"

"ஆமாக்கா."

"ஒரு நாளும் விடலையே?"

"விடலக்கா."

கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

"நீ சங்கத்துல சாட்சி சொன்னப்ப நான் நம்பலட்டி. நம்ம சாட்சியை எவ்வளவு கழிச்சுக் கேக்கணும்னு எனக்குத் தெரியாதா? நானே எத்தனை சொல்லியிருக்கேன். செல்போன்ல வந்த பிறகுதான் நம்பினேன். மாத்திரையே இல்லாமன்னு கீழ எழுத்து ஓடுச்சே. எழுதியே போட்டுட்டான், கனி நெசமாத்தான் விட்டுட்டா போலன்னு நினைச்சேன்."

"எனக்கு அது தெரியாதுக்கா. நான் படிக்கல."

"அது கெடக்கு. சபையில சொல்ல முடியாது, சரி. என் வீட்டுக்கு வந்து காப்பி குடிச்சியே. நானும் நீயும்தானே இருந்தோம். அப்ப ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா."

கோவமாச் சொல்லல தாயி. கோவமாச் சொல்லியிருந்தா நான் தாங்கியிருப்பேன். காப்பி ஆறிப்போச்சேன்னு சொல்ற மாதிரி சொன்னாங்க.

ஏன் சொல்லலன்னு எனக்கே தெரியல. அவங்களுக்குத் தெரியும்னு நினைச்சேனா. இல்ல, லட்சம் பேர் பார்த்த பிறகு, எனக்கே நான் மாத்திரை சாப்பிடறது மறந்துபோச்சா. தினம் ரெண்டு தடவை சாப்பிடறேன், எப்படி மறக்கும். அப்படியும் மறந்துதான் இருந்துச்சு. காலையில மாத்திரையை வாயில போட்டு, மேல பொடித் தண்ணியைக் குடிப்பேன். குடிச்சுட்டு, பொடிக்கு ஸ்தோத்திரம் சொல்வேன்.

அன்னைக்கு ஊருக்கு வந்ததும் சுடலைமுத்து சாருக்குப் போன் பண்ணி வர்றேன்னு சொல்லிட்டேன். சொன்னதுல இருந்து தூக்கம் இல்ல. பாஸ்டரம்மா முகத்தை எப்படிப் பார்க்கிறது. ஞாயித்துக்கிழமை கோயில்ல எந்த வரிசையில உட்கார்றது. ஆசீருக்கு வேலை போனா அந்தப் பாவம் யாருக்கு. ரூபி அக்காகிட்ட மட்டும் சொன்னேன். "போ, போய்ச் சொல்லிட்டு வா. நம்ம ஊர்ல இருந்து ஒரு சாட்சியாவது முழுசாப் போகட்டும்"னாங்க.

இது முக்காணிப் பாலமா. ஆத்துல தண்ணி கிடக்கே இந்த வெயில்லயும். இனி பழையகாயல், உப்பளம், அப்புறம் வந்துடும்.

தாயி.

இவ்வளவு நேரம் நான் சுத்தி வளைச்சுப் பேசிட்டு வந்தது எதுக்குத் தெரியுமா. நீ ஏறின உடனே சொன்னியே, எங்கம்மா தினமும் உங்களைப் பார்த்துத்தான் பொடி கரைப்பாங்கன்னு. அப்பவே கேட்டிருக்கணும். ரூபி அக்கா வீட்டுக் காப்பி மாதிரி இன்னொரு காப்பியாப் போயிடக் கூடாதுன்னு மனசு அடிச்சுக்குது, ஆனா கேக்கத் தைரியம் வரல. முதல்ல என் கதையைச் சொன்னா நீயே சொல்லிடுவன்னு நினைச்சேன். நீ ஜன்னலையே பார்த்துட்டு வர்ற.

உங்க அம்மாவுக்குச் சர்க்கரை உண்டா?

மாத்திரை சாப்பிடறாங்களா?

தெரியாதா. பக்கத்துல இல்லையா நீ. கல்யாணம் ஆகிப் போன பிள்ளைக்கு எப்படித் தெரியும், அதுவும் சரிதான். என் மகளுக்கும் என் மாத்திரை தெரியாது.

போன் போடு. இப்பவே போடு, இறங்கின பிறகு வேண்டாம். இறங்கினா நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இல்ல, நீ பேச வேண்டாம். நீ சொன்னா உனக்கு என்ன தெரியும்பாங்க. நானும் என் பிள்ளைகளை அப்படித்தான் சொல்வேன். என்கிட்ட கொடு. இந்தப் பையைக் கொஞ்சம் பிடி, சாய்க்காம.

அம்மா, வணக்கம்மா. உங்க மக இல்ல. உங்க மககூடத்தான் பஸ்ல வர்றேன், நல்லா இருக்கா, பயப்படாதீங்க. நான் ஞானக்கனி. வீடியோவுல பொடி கரைச்சுக் குடிக்கிற அம்மா. ஆமா. நானேதான். குரல் அதேதானே.

சந்தோஷம்மா. சந்தோஷம். இருங்க, ஒரு நிமிஷம் நான் சொல்றதைக் கேளுங்க. நான் மாத்திரை சாப்பிடறேன்மா. சர்க்கரை மாத்திரை. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. அந்த வீடியோ எடுத்த அன்னைக்கும் சாப்பிட்டேன். இன்னைக்கும் சாப்பிட்டுட்டுத்தான் பஸ் ஏறினேன். பொடியால எனக்குச் சர்க்கரை இறங்கல. மாத்திரையாலதான் இறங்குச்சு.

இல்லம்மா. பணிவுக்குச் சொல்லல. யாரும் மிரட்டல. மெய்யாத்தான் சொல்றேன். நீங்க எப்ப நிறுத்தினீங்க? பொங்கலுக்கா?

அழாதீங்க. கால்ல எங்கயாவது கொப்புளம் இருக்கான்னு பாருங்க. இப்பவே பாருங்க, நான் இருக்கேன், வைக்க மாட்டேன். விரல் இடுக்குலயும் பாருங்க. பார்த்துட்டு நேரா டாக்டர்கிட்ட போங்க.

எதை நம்பறதுன்னா கேக்கறீங்க. நான் சொல்றதை நம்புங்க. அன்னைக்கு நம்பினீங்கள்ல. அதே வாய்தான்மா சொல்லுது.